மதாம் ஓடெத்தின் ஊரும் ஐந்து கொப்பிகளும்

1

இந்த ஆடியோடு நாங்கள் கொழும்பு வீட்டை இழந்து மூன்று வருஷம். இங்கே ஆக்லாந்தில் ஆடி என்றால் நடுக் குளிர்காலம். காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றுதான் மூவரும் உடுப்பு மாற்றுகிறோம்.

ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும். அங்கே என்ன வேலை, படிப்பிக்கிறாயா என்று. நேராகப் பதில் எழுத எனக்கு மனம் வந்ததில்லை. "நல்ல சுகமாய் இருக்கிறோம்" என்று எழுதி வேறு கதைக்குப் போய்விடுவேன். இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன். கிழமை நாட்களில் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் தண்ணீர்க் குழாய்ச் சாமான்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறேன். சனிக்கிழமைகளில், எட்டு மாதங்களாக, நான் கண்ணாலும் கண்டிராத ஒரு பிரெஞ்சுச் சிற்றூரின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ரோமர் பாலம் கட்டிய நாளிலிருந்து ஜெர்மன்காரர் வந்து போன நாள் வரைக்கும். போன மாதம்தான் அது முடிந்தது.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

2

சரித்திர வாத்தியாராகப் பதினாறு வருஷம் நின்றவன் நான். இங்கே வந்த புதிதில் என் சான்றிதழ்களை ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கேயிருந்த பெண் மிகவும் அன்பானவள். என் பெயரை விண்ணப்பத்தில் எழுதுவதற்குள் களைத்துப் போனாள். குடும்பப் பெயர் எது, கிறிஸ்தவப் பெயர் எது என்று கேட்டாள். சூசைப்பிள்ளை என்பது என் அப்பாவின் பெயர் என்றேன். அப்படியானால் உங்களுடைய பெயர் எங்கே என்று கேட்டாள். கடைசியில் பெட்டிக்குள் அடங்கியது "சூசை" மட்டும்தான். களஞ்சியத்தில் அதுவும் தேய்ந்து "சூ" ஆகிவிட்டது. அது இங்கே பெண்களுக்கு வைக்கிற பெயர் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. கேலி செய்யவேண்டுமென்று யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அதனால் நானும் திருத்தவில்லை.

சான்றிதழ்களுக்கு ஆறு மாதத்தில் பதில் வந்தது. ஆங்கிலச் சோதனை எழுதவேண்டும், திரும்பவும் ஒரு வருஷம் பயிற்சிக்குப் போகவேண்டும். வாடகையும் சாப்பாடும் ஒரு வருஷம் காத்திருக்காது. என் மனைவி றெஜினா ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், நான் களஞ்சியத்துக்குப் போனேன்.

மகள் நிரோஜா மட்டும் எந்த விண்ணப்பமும் நிரப்பாமல் இந்த நாட்டுக்குள் போய்விட்டாள். வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது பதின்மூன்று. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கொழும்பைப் பற்றி அவள் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. மறந்துவிட்டாள், மறக்கட்டும் என்று நானும் றெஜினாவும் எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். பிள்ளையிடம் கேட்காமல் செய்த முடிவு அது.

3

மதாம் ஓடெத்தை நான் கண்டது மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில். ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கோப்பையை மேசையில் வைக்கிறேன் என்று வெறும் காற்றில் வைத்தார். கோப்பை விழுந்து உடைந்தது. அவர் வாய்க்குள் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டார். பரவாயில்லை மதாம், சப்பாத்தில்தான் பட்டது என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் முகம் இருக்கும் திசைக்குத் திரும்பி அசையாமல் நின்றார்.

யாழ்ப்பாணத்துக் குருமடத்தில் ஐந்து வருஷம் படித்துப் பாதியில் வெளியே வந்தவன் நான் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். எங்களுக்குப் படிப்பித்த சுவாமிமார் பிரெஞ்சுக்காரர்கள். நூலகத்தில் பாதிப் புத்தகங்கள் பிரெஞ்சு. குருத்துவம் கைகூடவில்லை, பாஷை மட்டும் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக அதனால் எனக்கு ஒரு பலனும் இருக்கவில்லை.

மதாமுக்கு அறுபத்திரண்டு வயது. யுத்தம் முடிந்தபின் லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்தபோது நியூசிலாந்து விமானப்படைக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் கிரேக், பிளம்பர். அவனுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்கள் என்று அழுதானாம். அதோடு மதாம் வீட்டில் பிரெஞ்சு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் சந்தித்த காலமும் நல்ல காலமல்ல. அந்த வருஷ நடுவில்தான் பிரெஞ்சு அரசின் ஆட்கள் ஆக்லாந்துத் துறைமுகத்தில் நின்ற, பிரெஞ்சு அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கப் போகவிருந்த கப்பலொன்றைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு மனிதர் செத்துப் போனார். நகரமே கொதித்தது. முப்பத்தைந்து வருஷமாகச் சாமான் வாங்கின டேரியில், இங்கே தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர், கடைக்காரர் மீதிக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார் என்று மதாம் சொன்னார். கண் தெரியாத மனுசி அதைத் தடவித்தான் எடுத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது.

4

சலரோகம், அந்தச் சீனி வியாதி, அவருடைய பார்வையை மெதுவாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஆட்களின் உருவம் தெரியும், எழுத்துத் தெரியாது. அவருடைய அக்கா ஊரில் காலமானபோது அலுமாரிக்குள் ஐந்து கொப்பிகள் இருந்திருக்கின்றன. யாரோ அவற்றைக் கப்பல் தபாலில் அனுப்பியிருந்தார்கள். அவருடைய அப்பா எழுதியவை. அப்பா அந்த ஊர் நகரசபைக் கந்தோரில் முப்பது வருஷம் எழுதுவினைஞராக இருந்தவர். பழைய பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி ஊரின் சரித்திரத்தை ஊதா மையில் எழுதி வைத்திருந்தார். கிரேக்குக்காக அதை ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பதுதான் மதாமின் ஆசை. தான் எங்கேயிருந்து வந்தவன் என்று அவன் ஒருநாள் கேட்பான், அப்போது நான் இருக்கமாட்டேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் அவருடைய வீட்டுக்குப் போவேன். ஒரு பக்கத்தைப் பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவேன். அவர் சந்தேகம் தீர்ப்பார். பிறகு வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதுவேன். நிரோஜா அதைத் தட்டச்சுச் செய்து தருவாள். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்தாள். என் ஆங்கிலம் பைபிள் மாதிரி இருக்கிறது, இங்கே ஒருவரும் இப்படிக் கதைக்கமாட்டார்கள் என்று சொல்லி வசனங்களை வெட்டுவாள். அவள் சொன்னதில் பாதிக்குமேல் சரி.

அந்த எழுதுவினைஞர் அலங்காரமில்லாமல் எழுதுகிற மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ரோமர் கட்டிய பாலத்தில் உப்பு வண்டிகள் போன காலம். ஊரைச் சுற்றி மதில் எழும்பிய காலம். கொள்ளைநோய் வந்தபோது மேற்குத் தெருவை இரு பக்கமும் பலகை அடித்து மூடினார்கள், உள்ளே இருந்தவர்களுக்குக் கூடையில் கயிறு கட்டி ரொட்டி இறக்கினார்கள். பிறகொரு அரசன் புரட்டஸ்தாந்துக்காரர்களை வெளியே போகச் சொன்னான். நாற்பது குடும்பம் ஒரே கிழமையில் போயிற்று. அந்த வீடுகளுக்குள் யார் யார் குடிபோனார்கள் என்பதையும் அவர் விடாமல் எழுதியிருந்தார். புரட்சியில் கோவில் மணியை இறக்கிப் பீரங்கி வார்த்தார்கள். ஆற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலை வந்தது. ரயில்பாதை ஊருக்கு வராமல் அடுத்த ஊருக்குப் போனதும் தொழிற்சாலை படுத்துவிட்டது. முதல் யுத்தத்தில் செத்த பையன்களின் பெயர்களைச் சந்தைச் சதுக்கத்தில் கல்லில் வெட்டினார்கள்.

அந்த நாற்பது குடும்பத்தின் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது நிரோஜா கையை எடுத்துவிட்டு, பொய் சொல்லித் தப்பியிருக்கலாமே, இவர்கள் இன்னார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள். பதிவேடு இருந்தது என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

5

வைகாசி மாதத்தில் ஐந்தாவது கொப்பிக்கு வந்தோம். அன்று மதாமுக்குக் காய்ச்சல். கொப்பியை வீட்டுக்கே கொண்டுபோய் வாசியுங்கள் என்று தந்துவிட்டார். அதனால் அந்தப் பக்கத்தை நான் தனியாக வாசிக்க நேர்ந்தது.

போர்க்காலத்தில் ஒரு கோடை. பாழடைந்த தோல் தொழிற்சாலையில் வெளிநாட்டு யூதர்கள் பதினொரு பேர் தங்கியிருந்தார்கள். ஜெர்மன்காரருக்குப் பயந்து வடக்கிலிருந்து ஓடி வந்தவர்கள். மேலிடத்திலிருந்து கந்தோருக்கு உத்தரவு வருகிறது, அப்படியானவர்களின் பட்டியலை அனுப்பு என்று. எழுதுவினைஞர் அனுப்புகிறார். பத்து நாளில் பொலிஸ்காரர் விடியற்காலையில் லொறியோடு வந்து பதினொரு பேரையும் ஏற்றிப் போகிறார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவர் இப்படி எழுதியிருந்தார்:

"எனக்கு முன் இந்த மேசையில் இருந்தவர்கள் கொள்ளைநோய்க்கும் அரசனுக்கும் பட்டியல் எழுதினார்கள். அவர்களைப் பற்றி நான் நான்கு கொப்பி எழுதினேன். நானும் எழுதினேன் என்பதை எழுதாவிட்டால் மற்றவை எல்லாம் பொய். பெயர்களை நான் சொல்ல என் இளைய மகள் ஓடெத் தட்டச்சுச் செய்தாள். ரொட்டிக் கூப்பனுக்கான பட்டியல் என்று அவளிடம் சொன்னேன். அது எதற்கென்று அவளுக்குத் தெரியாது."

அதன் கீழே பதினொரு பெயர்களும் வயதுகளும். பிறகு வெறும் தாள்கள்.

நான் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். கொழும்பில் அந்த ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. ரோனியோவில் அடித்த தாள்கள். ஒருவன் வாசிக்க மற்றவர்கள் வீட்டு இலக்கம் பார்த்தார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் இருந்த சிங்கள வீடுகளில் ஒரு ஓடுகூட உடையவில்லை. பின்வீட்டுச் சிங்கள மனுசி மதிலுக்கு மேலால் எங்களை இழுத்து எடுத்துத் தன் சமையலறையில் வைத்திருந்தார். அந்த யன்னலால்தான் எங்கள் வீடு எரிவதைப் பார்த்தோம். அந்தத் தாள்களைக் கொடுத்தது யார் என்று அன்றிலிருந்து யோசித்திருக்கிறேன். கத்தி வைத்திருந்தவர்களைவிட, ஒரு கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தவன்மேல்தான் எனக்கு ஆத்திரம். அவனுக்கு முகமில்லை. இப்போது ஊதா மையில் ஒரு முகம் வந்துவிட்டது. அதுவும் ஆறு மாதமாக எனக்குப் பிடித்துப் போயிருந்த முகம்.

இரண்டு சனிக்கிழமை நான் மதாமிடம் போகவில்லை. களஞ்சியத்தில் மேலதிக வேலை என்று பொய் சொன்னேன். றெஜினா என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசி அப்ப பதினெட்டு வயசுப் பிள்ளை. அதுக்கென்ன தெரியும்? நீங்கள் போகாமல் விட்டால், ஏன் போகேல்லை எண்டு அது கண் தெரியாமல் இருந்து யோசிக்கும். போய் வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

6

வாசித்துக் காட்டினேன். மதாம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசி வசனத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்பா எனக்கு அன்று பொய் சொல்லவில்லை. இந்தக் கொப்பியில்தான் எனக்காகப் பொய் எழுதியிருக்கிறார்" என்றார்.

அது எதற்கான பட்டியல் என்று மதாமுக்கு அன்றே தெரியும். வெளிநாட்டு யூதர்கள் என்ற தலைப்பை அடித்ததே அவர்தான். ரொட்டிக் கூப்பன் என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலில் மிரா என்று ஒரு பெண், தையல்காரி, அவருடைய வயதுதான். மதாமுக்கு ஒரு நீலச் சட்டை தைத்துத் தந்தவள். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் தொழிற்சாலையைக் கடந்துதான் போகவேண்டும். மிரா வாசலில் இருந்து வெளிச்சத்தில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். கை காட்டினாள். இவரும் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருந்தால் அவர்களுக்குப் பத்து நாள் இருந்திருக்கும், மலையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றார். யுத்தம் முடிந்ததும் முதல் ரயிலில் ஊரைவிட்டுப் போனதும், நியூசிலாந்துக்காரன் ஒருவன் கேட்டதும் சம்மதித்ததும் அதனால்தான். உலகப் படத்தில் இதைவிடத் தூரமான இடம் இருக்கவில்லை.

பிறகு, அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டார். நான்கு கொப்பி போதும். கப்பல் குண்டுக்குப் பிறகு கிரேக்கே தன் தாய் பிரெஞ்சுக்காரி என்று வேலையிடத்தில் சொல்வதில்லை. இதுவும் வேண்டுமா என்றார்.

ஓம், விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் அழவில்லை, கெஞ்சவுமில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்த தாள்களைப் பற்றி அன்றுதான் அவருக்குச் சொன்னேன். இந்த நாட்டில் வேறு யாருக்கும் அதுவரை நான் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் எனக்கு அது வந்ததே இல்லை, பிரெஞ்சில் வந்தது.

"அந்தத் தாளைக் கொடுத்த மனிதன் எங்கேயாவது இருந்து இப்படி ஒரு பக்கம் எழுதமாட்டானா என்று நான் மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன், மதாம். மன்னிப்பேனோ தெரியாது. ஆனால் வாசிப்பேன். உங்கள் அப்பா எழுதியிருக்கிறார். அதை நான் எப்படி விடுவது?"

சொல்லிவிட்டு, கழற்றி வைத்த குளிர்க்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதிகம் சொல்லிவிட்டேனோ என்று கிழமை முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவின் வசனத்தை அப்படியே எழுதுங்கள், அது அவருடையது. கீழே என்னுடைய குறிப்பு ஒன்று வரவேண்டும், பேனா எடுங்கள் என்றார். மூன்றே வரி. அப்பா எழுதியது சரியல்ல. எனக்குத் தெரியும். மிராவைக் கண்டேன், நிற்காமல் போனேன்.

அந்தத் தாளை நிரோஜாவிடம் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ரைப்ரைட்டர் சத்தம் நெடுநேரம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தாளைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் அடித்தாள். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

7

போன ஞாயிறு கிரேக் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. எங்கள் மூவரையும் கூப்பிட்டிருந்தார்கள். கிரேக் பெரிய உடம்புக்காரன், கூச்சமானவன். தாள்களை இரண்டு நாள் முன்னமே வாசித்திருந்தான். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை எடுத்து, அம்மா, இதைச் சத்தமாக வாசிக்கட்டுமா என்று கேட்டான். மதாம் தலையாட்டினார்.

தாத்தாவின் வசனத்தை வாசித்தான். அம்மாவின் மூன்று வரியையும் விரல் வைத்து வாசித்தான். பெயர்களுக்கு வந்தான். முதல் பெயரைப் பிழையாகச் சொன்னான். மதாம் கையை உயர்த்தினார். சரியான உச்சரிப்பைச் சொன்னார். அவன் திரும்பச் சொன்னான். இன்னும் ஒருக்கால் என்றார். அப்படியே பதினொரு பெயரும். அவருக்குத் தாள் தேவைப்படவில்லை. எந்தப் பெயருக்குப் பின் எந்தப் பெயர் என்பது நாற்பத்துநான்கு வருஷமாக அவருக்கு மனப்பாடம். மிராவின் பெயரை அவன் முதல்தரமே சரியாகச் சொன்னான்.

முடிந்ததும் கிரேக் எழும்பித் தாயின் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அவரே சொன்னார், இந்த மனிதரின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்தது, அதனால்தான் சம்மதித்தேன் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிரோஜாவும் பார்த்தாள்.

திரும்பி வரும்போது நல்ல மழை. றெஜினா முன் இருக்கையில், பிள்ளை பின்னால். பாதி வழியில் அவள் கேட்டாள், தமிழில்.

"அப்பா, அந்த லிஸ்டில என்ர பேரும் இருந்ததா?"

இல்லை என்றேன். அது வோட்டுப் போடுகிறவர்களின் இடாப்பு, அம்மாவின் பெயரும் என்னுடைய பெயரும் மட்டும்தான், சின்னப் பிள்ளைகளின் பெயர் அதில் வராது என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவள் என் இருக்கையின் முதுகைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள். பிறகு சொன்னாள்.

"ஆனா நானும் அங்கதானே நிண்டனான்."

காரை ஓரமாக நிறுத்தினேன். றெஜினா இறங்கி மழைக்குள்ளால் பின்னுக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் ஏறினாள். நான் திரும்பி, நீ என்னத்தைக் கண்டனி என்று கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் அதை நாங்கள் கேட்டது அதுதான் முதல்தரம். அவள் சொல்லத் தொடங்கினாள். தமிழ் போதாத இடத்தில் ஆங்கிலத்தில் சொன்னாள். பின்வீட்டு மனுசியின் சீலையின் நிறத்திலிருந்து, யன்னலால் அவள் பார்க்கக்கூடாதென்று நான் அவள் கண்ணைப் பொத்தியது, விரலிடுக்கால் அவள் பார்த்தது வரைக்கும் எல்லாம் இருந்தது. கண்ணாடியில் நீராவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரைக்கும் நான் காரை எடுக்கவில்லை.